'விதவுட் யூ': மூலப் பதிவில் இல்லாதது எது?

கேள்வி (மாடிவீட்டு வானொலி):
ஹாரி நில்சனும் பின்னர் மரையா கேரியும் பாடிப் புகழ்பெற்ற 'விதவுட் யூ' பாடலின் மூலப் பதிவை, பேட்ஃபிங்கர் குழு 1970இல் வெளியிட்ட 'நோ டைஸ்' இசைத்தொகுப்பில் அண்மையில் கேட்டேன். மெட்டும் வரிகளும் ஏறக்குறைய அவையேதான் என்றாலும், கேட்டு முடித்தபின் நெஞ்சில் ஒன்றும் தங்கவில்லை. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அக்குழு இதைத் தனிப்பாடலாக வெளியிடவும் இல்லை. எழுதியவர்கள் கவனிக்காத எதை நில்சன் பிடித்துக்கொண்டார்?

மறுமொழி (பழைய இசைத்தட்டு):
அது ஒட்டுப்போட்டு உருவான பாடல், நண்பரே. பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாமிடம் சரணங்கள் இருந்தன, அவற்றுக்கு ஏற்ற பல்லவி அமையவில்லை. அதே குழுவின் டாம் எவன்ஸிடமோ பல்லவி மட்டுமே இருந்தது. இரண்டையும் இணைத்து, கிட்டார் ஓங்கி ஒலிக்கும் ராக் குழுவின் வழக்கமான பாணியிலேயே பதிவு செய்தார்கள். இதைக் கேட்ட நில்சன் முதலில் பீட்டில்ஸ் பாடல் என்றே நினைத்தாராம். பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனமே இக்குழுவின் இசைத்தட்டுகளையும் வெளியிட்டு வந்ததால் அதில் வியப்பில்லை. 1971இல் லண்டனின் டிரைடென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரி கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கேரி ரைட்டின் பியானோவோடு பாடலைத் தொடங்கி, பால் பக்மாஸ்டர் அமைத்த வயலின் இசையை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தார். என் கணிப்பில் பாதிப் பெருமை பெர்ரிக்கே உரியது.

மறுமொழி (மேல் ஸ்தாயி):
பெர்ரிக்குப் பாதி என்பது சற்றுத் தாராளம். பல்லவி முதன்முறை வரும்போது நில்சன் அதைக் கீழ் ஸ்தாயியில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் பாடி முடித்துவிடுகிறார். சரணம் திரும்ப வந்து முடிந்த பிறகு அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே எடுத்துச் செல்கிறார். அதுவரை அடக்கி வைத்ததால்தான் அந்த உச்சம் உலுக்குகிறது. பேட்ஃபிங்கர் பதிவில் பல்லவி அப்படிக் காத்திருப்பதில்லை. 1972இல் அமெரிக்காவில் 4 வாரமும் பிரிட்டனில் 5 வாரமும் முதலிடத்தில் இருந்தது நில்சனின் பதிவுதான்.

மறுமொழி (பழைய இசைத்தட்டு):
ஸ்தாயி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மரையா கேரியும் அந்த ஏணியில்தான் ஏறுகிறார்: பியானோவில் தொடக்கம், தணிந்த முதல் பல்லவி, பிறகு பாய்ச்சல். அவருக்கு முன்மாதிரி நில்சனே. பேட்ஃபிங்கரின் சாயல் அதில் அறவே இல்லை. அவருடைய பதிவு தனிப்பாடலாக வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்த 1994ஆம் ஆண்டின் ஜனவரியில்தான் நில்சன் காலமானார். பாடலை எழுதிய இருவருமோ, பண நெருக்கடிகளுக்கும் வழக்குகளுக்கும் நடுவே, 1975இலும் 1983இலும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுமொழி (மாடிவீட்டு வானொலி):
நன்றி. நீங்கள் இருவரும் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றையும் மறுபடி வரிசையாகக் கேட்டேன். மூலப் பதிவில் ஹாமின் சரணங்களில் ஒரு வெள்ளந்தித்தனம் இருக்கிறது. அது பின்னிரண்டிலும் கிடைக்கவில்லை. ஆனால் பல்லவியைப் பொறுத்தவரை என் வாக்கு நில்சனுக்கே.