ஸ்காபரோ பொங்கல் விழா: நில ஒப்புகையில் யாருடைய பெயர்?

கேள்வி:
தை மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பொங்கல் விழா, அடுத்த கிழமை பக்கத்து நகரமான பிரம்ரனில் இன்னொன்று. ரொறன்ரோ மாநகர சபையின் நில ஒப்புகையை (இது எந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்று நிகழ்ச்சித் தொடக்கத்தில் வாசிக்கும் வாசகம்) இரண்டிலும் வாசிக்கலாமா? விளக்கேற்ற முன்னரா, பின்னரா? தமிழிலும் சொல்ல விருப்பம்.

பதில் 1:
பிரம்ரனில் அதை வாசித்தால் பிழை. அந்த நிலம் 1818இல் மிசிசாகா பூர்வகுடி மக்களோடு பிரித்தானிய அரசு செய்த 19ஆம் இலக்க ஒப்பந்தத்துக்குள் வரும். ரொறன்ரோ வாசகத்தில் இருப்பவை 1805இன் 13ஆம் இலக்க ஒப்பந்தமும் 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களும். ஸ்காபரோவுக்கு முக்கியமானது பின்னையது. மண்டபத்தின் முகவரியை வைத்து ஒப்பந்த வரைபடத்தைப் பாருங்கள்; நகரத்தின் பெயரை மட்டும் நம்பவேண்டாம்.

வரிசையில் நில ஒப்புகைதான் முதல். பிறகு விளக்கு, தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம்.

பதில் 2:
பெயர்ப்பட்டியலை மட்டும் ஒப்புவித்தால் சடங்குதான். ரொறன்ரோவின் ரயர்சன் பல்கலைக்கழகத்துக்கு (இப்போது ரொறன்ரோ மெற்றோபொலிற்றன்) நில ஒப்புகையை எழுத உதவிய, அனிஷினாபே பூர்வகுடியைச் சேர்ந்த அறிஞர் ஹேடன் கிங்கே பின்னர் அதற்காக வருந்துவதாகச் சொன்னார்.

என்ன நடந்தது என்று ஒரு வரியாவது வேண்டும். 1787இல் பிரித்தானிய அரசு மிசிசாகா மக்களிடம் 'வாங்கிய' ரொறன்ரோ நிலத்தின் உறுதி (பத்திரம்) வெற்றுத்தாள். மிசிசாகா தலைவர்களின் கையொப்பக் குறிகள் வேறு துண்டுகளில் இருந்து ஒட்டப்பட்டிருந்தன. அதைச் சரிக்கட்ட 1805இல் 2,50,880 ஏக்கருக்கு 10 ஷில்லிங் கொடுத்தார்கள். 2010இல் கனடிய அரசு 14.5 கோடி டொலர் இழப்பீடு கொடுக்கவேண்டி வந்தது. வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் ஏழு குடிகளின் வேட்டை, மீன்பிடி உரிமைகளைப் பறித்தன. அரசு மன்னிப்புக் கேட்டது 2018இல்தான். உறுதியும் எல்லையும் என்றால் நம்மவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

பதில் 3:
தமிழ் வாசகத்தில் அடிக்கடி வரும் பிழை, காலம். 'இங்கு வாழ்ந்த பூர்வகுடிகள்' என்றால் அவர்கள் அழிந்துபோனார்கள் என்றாகிவிடும். 'வாழ்ந்துவரும்' என்று எழுதுங்கள். 'செவ்விந்தியர்' வேண்டவே வேண்டாம். அனிஷினாபே, ஹோடனோஷோனி, வெண்டாட் என்ற பூர்வகுடிப் பெயர்களை மேடை ஏறுபவர் முதல்நாளே வாய்விட்டுப் பழகட்டும்.

ஒப்புகையை நீங்கள் வாசிக்கலாம். 'எங்கள் மண்ணுக்கு வாருங்கள்' என்று வரவேற்கும் உரிமை அந்தக் குடியினருக்கே. மூத்தவர் ஒருவரை அழைப்பதாக இருந்தால் கேட்கும்போதே புகையிலை கொடுப்பது அனிஷினாபே மரபு. விழா முடிந்தபின் கொடுப்பதற்கு அந்தப் பொருள் இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதை அவர்களிடமே கேளுங்கள். எல்லாக் குடிகளுக்கும் ஒரே முறை கிடையாது. மதிப்பூதியமும் போக்குவரத்துச் செலவும் வேறு. பொன்னாடை அதற்கு ஈடாகாது.