ஸ்கட்டெபோ ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்கு

டெம்பி வாசி எழுதியது:
நண்பர் கைக்கடிகாரம் நேற்று இங்கே, 2025 ஏப்ரல் 24ஆம் தேதி கிரீன் பேயில் தொடங்கும் டிராஃப்டில் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யாரும் கவனிக்காத ரன்னிங் பேக்குகள் (பந்தைச் சுமந்து ஓடுபவர்கள்) என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். வர்ஜீனியா டெக்கின் பேஷல் டூட்டனுக்கு முதலிடம் கொடுத்திருந்தார். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் பட்டியலை முடிக்கும்போது, யாரும் கேட்காமலே இப்படி ஒரு வரியைச் சேர்த்திருந்தார்: "அரிசோனா ஸ்டேட்டின் கேம் ஸ்கட்டெபோ இண்டியானாபொலிஸ் கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் பரீட்சை) 40 கெஜ வேக ஓட்டம் ஓடாததிலிருந்தே அவர் சரக்கு தெரிந்துவிட்டது. ஐந்தாம் சுற்றுக்கு முன் அவரை எடுக்கும் அணி ஏமாளி." 2024 பருவத்தில் 1,711 கெஜம் ஓடி, 21 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குப் பந்தைக் கொண்டு சேர்ப்பது) போட்டு, போதாததற்குப் பந்தைப் பிடித்தும் 605 கெஜம் சேர்த்த ஓர் ஆட்டக்காரரை, ஐந்து வினாடி கூட நீடிக்காத ஒரு பரீட்சைக்கு அவர் வரவில்லை என்பதற்காக ஏமாளிகளின் சரக்கு என்று சொல்வது என்ன நியாயம் என்பதை அவரே வந்து விளக்க வேண்டும். பருவம் தொடங்குமுன் பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பில் கடைசி இடம் என்று கணிக்கப்பட்ட அவருடைய அணி, அதே ஆண்டு அந்தக் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. இறுதி ஆட்டத்தில் அயோவா ஸ்டேட்டை 45-19 என்று வீழ்த்தியபோது 170 கெஜம் ஓடியவர் யார் என்பதை அவர் மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன்.

கைக்கடிகாரம் எழுதியது:
விளக்கம் கேட்டதால் சொல்கிறேன். டூட்டன் அதே இண்டியானாபொலிஸில் 4.32 வினாடியில் ஓடினார். இந்த ஆண்டு அங்கே ஓடிய ரன்னிங் பேக்குகளில் அதுவே மிகக் குறைந்த நேரம். ஸ்கட்டெபோவின் நேரம் என்ன? இல்லை. இல்லாத எண்ணை நான் எப்படி மதிப்பிடுவது? 2008இல் கிறிஸ் ஜான்சன் 4.24 ஓடினார், அடுத்த ஆண்டே என்எப்எல்லில் 2,006 கெஜம் எடுத்தார். கடிகாரத்துக்கு நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர் கூடத்தின் பக்கமே வரவில்லை.

சந்தேகப் பிராணி எழுதியது:
இடையில் ஒரு சிறிய கேள்வி. கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் ஐந்தாவதாக வந்த ஒருவரை "யாரும் கவனிக்காதவர்" என்று எந்தக் கணக்கில் சேர்க்கிறோம்? யார் கவனிக்கவில்லை: அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகளா, பத்திரிகைகளா, அல்லது கைக்கடிகாரம் அவர்களா? முதலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்துகொண்டால் மீதியைப் பேசுவது எளிதாக இருக்கும்.

டெம்பி வாசி எழுதியது:
பழமொழியைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். கூடம் கோணல் என்று ஸ்கட்டெபோ எங்கே சொன்னார்? அவர் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. அதே கம்பைனில் 39.5 அங்குலம் எம்பிக் குதித்தார்; 219 பவுண்டு எடையுள்ள ஒரு மனிதர் அவ்வளவு உயரம் எழும்புவதற்குக் காலில் வெடிப்பு வேண்டும், அந்த எண் உங்கள் கண்ணில் படவில்லை. இன்னொன்றையும் கேட்கிறேன், இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்: பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி இண்டியானாபொலிஸில் ஓடினாரா? அவரும் ஓடவில்லை. அவரை எல்லாரும் முதல் சுற்றில், அதுவும் முதல் பத்துக்குள் வைக்கிறீர்கள். ஓடாதவருக்கு எண் இல்லை என்றால் ஜென்டிக்கும் எண் இல்லைதானே?

கைக்கடிகாரம் எழுதியது:
ஜென்டி 2,601 கெஜம் ஓடியவர். 1988இல் பாரி சாண்டர்ஸ் வைத்த 2,628 என்ற சாதனைக்கு 27 கெஜம்தான் குறைவு. அவருடைய வேகத்தை ஆட்டப் பதிவுகளிலேயே பார்த்துவிட்டோம். அவருக்குக் கடிகாரம் தேவையில்லை.

டெம்பி வாசி எழுதியது:
ஆகக் கடிகாரம் சிலருக்குத் தேவை, சிலருக்குத் தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதைத் தாங்கள் தீர்மானிப்பீர்கள். ஜென்டிக்கு ஆட்டப் பதிவு செல்லும், ஸ்கட்டெபோவுக்குச் செல்லாது. நன்றாக இருக்கிறது உங்கள் தராசு.

ஆஸ்டின் அடியேன் எழுதியது:
ஆட்டப் பதிவு என்ற பேச்சு வந்துவிட்டதால் நானும் வருகிறேன். ஜனவரி 1ஆம் தேதி பீச் பவுல் ஆட்டத்தில் எங்கள் டெக்சஸ் அணிக்கு எதிராக நான்காவது கால் பகுதியில் ஸ்கட்டெபோ ஒரு பந்தைப் பிடித்து 62 கெஜம் எடுத்தார். மறுக்கவில்லை, அழகான ஆட்டம்தான். ஆனால் எல்லைக்கோட்டைத் தொட்டாரா? தொடவில்லை. திறந்த மைதானத்தில் 62 கெஜம் கிடைத்தும் கோட்டுக்கு முன்னால் பிடிபட்டவருக்கு எதற்குக் கடிகாரம்? அந்த ஓட்டமே கடிகாரம். 4.3 வேகம் உள்ளவராக இருந்திருந்தால் அந்த ஆட்டத்தில் அது அப்போதே டச்டவுன்.

டெம்பி வாசி எழுதியது:
அடியேன் வருவார் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த 62 கெஜத்துக்குப் பிறகு டச்டவுன் போட்டு ஆட்டத்தை 24-24 என்று சமன் செய்தவர் யார்? அதே ஸ்கட்டெபோ. 24-8 என்று முன்னிலையில் இருந்த உங்கள் அணிக்கு எதிராக 30 முறை பந்தைச் சுமந்து 143 கெஜம், எட்டுப் பந்துகளைப் பிடித்து 99 கெஜம், அது போதாதென்று தானே 42 கெஜத்துக்குப் பந்தை எறிந்து ஒரு டச்டவுன். ஆட்டத்தின் நடுவே மைதான ஓரத்தில் வாந்தி எடுத்துவிட்டு மீண்டும் உள்ளே வந்து இவ்வளவும் செய்தார். இதையெல்லாம் பார்த்துவிட்டு "கோட்டைத் தொடவில்லை" என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள். அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எங்கள் ஆட்டக்காரர் தலையில் வாங்கிய மோதலுக்கு டார்கெட்டிங் (தலையைக் குறிவைத்து மோதுதல்) என்ற குற்றத்தைக் கொடுக்காமல் நடுவர்கள் விட்டதைப் பற்றியும் இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் நேர்மை இருந்திருக்கும்.

ஆஸ்டின் அடியேன் எழுதியது:
நான்கு மாதமாகியும் டார்கெட்டிங் டார்கெட்டிங் என்று அரற்றுவதை அரிசோனாக்காரர்கள் நிறுத்தவில்லை. நடுவர்கள் திரையில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொன்னார்கள். முதல் கூடுதல் நேரத்தில் கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சி, 13 கெஜம் தேவை என்ற நிலையில் மேத்யூ கோல்டன் 28 கெஜ டச்டவுனைப் பிடித்தபோது உங்கள் தடுப்பாட்டக்காரர்கள் எங்கே இருந்தார்கள்? அந்தக் கோல்டன் இண்டியானாபொலிஸில் 4.29 ஓடினார் என்பதையும் பணிவுடன் குறிப்பிடுகிறேன். ஆட்டம் 39-31 என்று எங்களுக்கே. எண்கள் எங்கள் பக்கம்.

கைக்கடிகாரம் எழுதியது:
அடியேன் சொன்னதுதான் சரியான சான்று. 62 கெஜம். கோட்டைத் தொடவில்லை. நான் வேறொன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

அயோவா சோளக்காடு எழுதியது:
நீங்கள் இருவரும் வேகம் வேகம் என்று அடித்துக்கொள்ளும் நேரத்தில், எங்கள் கேலப் ஜான்சனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1,537 கெஜம், 21 டச்டவுன். இண்டியானாபொலிஸில் 4.57 ஓடினார். மெதுவான எண் வரும் என்று தெரிந்தும் வந்து ஓடினார், அதுதான் ஆண்மை. ஓடாமல் இருந்திருந்தால் அவரையும் இப்போது யாராவது காவியத் தலைவனாக்கி இருப்பார்கள். பிக் 12 இறுதி ஆட்டத்தைப் பற்றி எழுதிய டெம்பி வாசிக்கு ஒரு தகவல்: அயோவா ஸ்டேட் வேறு, அயோவா வேறு. எங்களை வென்றுவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

டெம்பி வாசி எழுதியது:
அயோவாவை வென்றோம் என்று நான் எங்கே எழுதினேன்? படித்துவிட்டுக் கோபப்படுங்கள் அண்ணாச்சி. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் படித்து, 2023இல் மூன்றே வெற்றிகளோடும் ஒன்பது தோல்விகளோடும் முடிந்த பருவத்தையும் வெயிலில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்த ஆண்டு ஆள் பற்றாக்குறையில் இதே ஸ்கட்டெபோ பந்தைச் சுமந்தார், எறிந்தார், உதைத்துப் பண்ட் கூடச் செய்தார். சாக்ரமென்டோ ஸ்டேட் போன்ற சிறிய பிரிவு அணியிலிருந்து வந்தவர் என்பதால் ஆரம்பத்தில் எங்களுக்கே அவரைத் தெரியாது. டூட்டனும் நார்த் கரோலைனா ஏ அண்ட் டியிலிருந்து வந்தவர்தான். ஒருவருக்கு அது பெருமை, இன்னொருவருக்குக் குறையா?

இப்போது கைக்கடிகாரம் அவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. நோட்டர் டேமின் கைரன் வில்லியம்ஸ் கம்பைனில் 4.65 ஓடியதைப் பார்த்து, 2022 ஏப்ரலில் இதே இடத்தில் "இவர் கதை முடிந்தது" என்று எழுதியவர் தாங்கள். அப்போது நான் தாங்கள் சொன்னதை ஆமோதித்தேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்கிறேன். ஐந்தாம் சுற்றில் 164ஆவதாகப் போன அவர், 2023இல் 12 ஆட்டங்களில் 1,144 கெஜம் எடுத்தார். கடந்த பருவத்தில் 1,299. 2014இல் 4.26 ஓடிய கென்ட் ஸ்டேட்டின் டிரை ஆர்ச்சரை மூன்றாம் சுற்றில் பிட்ஸ்பர்க் எடுத்தது; இரண்டாவது பருவம் முடியுமுன்னே அவரை அனுப்பிவிட்டது. 4.26இல் ஓடி அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று உங்கள் கடிகாரத்தைக் கேட்டுச் சொல்லுங்கள்.

கைக்கடிகாரம் எழுதியது:
மூன்று ஆண்டுக்கு முந்தைய என் பதிவைத் தோண்டி எடுப்பதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது, உங்கள் ஆட்டக்காரருக்கு ஐந்து வினாடி ஓட நேரம் இல்லை. கைரன் வில்லியம்ஸ் மெதுவாக ஓடினார், ஆனால் ஓடினார். அதனால்தான் அந்த 4.65 இன்று உங்கள் கையில் ஆயுதமாக இருக்கிறது. உங்கள் வாதத்துக்கே ஓர் எண் தேவைப்படுகிறது பாருங்கள்.

தவிர, அயோவா நண்பர் சொன்னதற்கு நன்றி. கேலப் ஜான்சன் ஓடினார்.

சந்தேகப் பிராணி எழுதியது:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எத்தனையாவது இடத்தில் எடுக்கப்பட்டால் ஒருவர் குறைத்து மதிப்பிடப்பட்டவர் ஆவார்?

டெம்பி வாசி எழுதியது:
அதைப் பிறகு பார்க்கலாம் தம்பி.

கைக்கடிகாரம், நீங்கள் சொன்னதையே திரும்பச் சொல்கிறீர்கள். எம்மிட் ஸ்மித்தை 1990இல் மெதுவானவர் என்று சொல்லித்தான் 16 ஆட்டக்காரர்களை அவருக்கு முன்னால் எடுத்தார்கள். 18,355 கெஜம் என்ற அவருடைய சாதனையை இன்றுவரை ஒரு வேகக்காரரும் தாண்டவில்லை. கடந்த பருவத்தில் 1,921 கெஜம் எடுத்த டெரிக் ஹென்றி 4.54 ஓடியவர். ரன்னிங் பேக்குக்கு வேண்டியது முதல் அடி விழுந்த பிறகும் விழாமல் நிற்பது. அதைச் சட்டை கழற்றி ஓடும் ஓட்டத்தில் எந்த ஸ்கவுட்டும் அளக்க முடியாது.

ஆஸ்டின் அடியேன் எழுதியது:
ஹென்றி 247 பவுண்டு எடையோடு 4.54 ஓடினார். கடந்த பருவத்தில் 2,005 கெஜம் எடுத்து அணியோடு சூப்பர் பவுலும் வென்ற சாக்வான் பார்க்லி 4.40 ஓடியவர், இரண்டாவது இடத்தில் எடுக்கப்பட்டவர். தனக்கு வசதியானவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவரை விட்டுவிடும் இந்தப் பழக்கம் அரிசோனா ஸ்டேட் இருக்கும் டெம்பியில் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது போலும்.

டெம்பி வாசி எழுதியது:
டெம்பியின் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசும் தகுதி, பதினாறு புள்ளி முன்னிலையைத் தொலைத்துவிட்டு இரண்டு கூடுதல் நேரம் ஆடித் தப்பித்தவர்களுக்கு இல்லை.

நெறியாளர் எழுதியது:
ஊரையும் கல்லூரியையும் இழுக்காமல் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதவும்.

அயோவா சோளக்காடு எழுதியது:
கேலப் ஜான்சனைப் பற்றி எழுதுமாறு நெறியாளரே சொல்லிவிட்டார்.

கைக்கடிகாரம் எழுதியது:
நான் ஊரை இழுக்கவில்லை. ஓடியிருக்கலாம் என்றுதான் முதலிலிருந்து சொல்கிறேன்.

டெம்பி வாசி எழுதியது:
ஓடியிருந்தால் 4.6 என்று வந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இதே ஏமாளி வரியைத்தான் எழுதியிருப்பீர்கள். ஜென்டி ஏன் ஓடவில்லை என்று உங்களிடம் கேட்டு இரண்டு நாளாகிறது. பதில் வரவில்லை. 24ஆம் தேதி வரை தினமும் இதே கேள்வியை இங்கே வந்து கேட்பேன்.

ஆஸ்டின் அடியேன் எழுதியது:
கேளுங்கள். நானும் தினமும் வந்து 62 கெஜம் என்று எழுதுகிறேன்.