மறுமொழி: 'ஊடக எழுத்தறிவு' ஒட்டவில்லை, 'உசாவல்' எப்படி?

அண்ணாச்சி, மீடியா லிட்டரசிக்கு, அதாவது வருகிற செய்தியை யார், எதற்குச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கிற திறமைக்கு, நீங்கள் தந்த 'ஊடக எழுத்தறிவு' என்ற சொல்லை இரண்டு வாரம் வகுப்பில் புழங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சரிப்படவில்லை. எழுத்தறிவு என்றதும் பிள்ளைகளுக்கு அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் கையெழுத்துப் போடப் பழகிய ஆச்சிகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

ஆச்சி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. முக்கூடல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சி பீடி சுற்றுகிறவர், கையெழுத்துக் கிடையாது, ரேகைதான். பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கான் என்று வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவைப் பேரன் போட்டுக் காட்டினான். மடியில் இருந்த முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "யாருல அனுப்புனது? எந்த ஊருன்னு ஏன் சொல்லல?" என்றார். 2018-இல் இதே மாதிரி வதந்தியை நம்பித்தான் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள்; அந்தச் செய்தியைப் பரப்பியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தானே? நாம் கற்றுக்கொடுக்க நினைப்பது ஆச்சியிடம் இருக்கிறது, எழுத்து மட்டும்தான் இல்லை. அப்புறம் அதற்கு எப்படி எழுத்தறிவு என்று பெயர் வைப்பது? 1982-இல் யுனெஸ்கோ சார்பில் ஜெர்மனியின் குரூன்வால்டில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே ஊடகக் கல்வி என்றுதான் இருக்கிறது, லிட்டரசியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

தென்காசி நண்பர் 423-ஆம் குறளிலிருந்து 'மெய்ப்பொருள் காணல்' என்கிறார். அழகுதான். ஆனால் அந்தக் குறள் யார் சொன்னால் என்ன, சொன்ன பொருளைப் பார் என்கிறது. நம் வகுப்பிலோ யார் சொன்னது என்பதுதான் முதல் கேள்வி. 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதும், அதன்பின் பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிறு வரைக்கும் தடை கேட்டதும் உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பள்ளியில் ஒருவனைப் பத்துப் பேர் அடித்ததை 'மாணவர்களிடையே மோதல்' என்று தலைப்புப் போட்டால் அடித்தவன் யார், அடி வாங்கியவன் யார் என்பதே காணாமல் போகிறது. கரும்பலகையில் 'மோதல்', 'தாக்குதல்' இரண்டையும் எழுதிப் போட்டேன், எது யாருக்கு வசதி என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். இந்தப் பாடத்தில் சமூகநீதி பின்னிணைப்பாக வருவதில்லை, தலைப்பிலேயே வந்துவிடுகிறது.

அன்றைக்கு ஒருவன், "சார், நீங்க சொல்றதையும் விசாரிக்கலாமா?" என்றான். தாராளமாக என்றேன் (உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான்). அவன் வாயில் வந்த சொல்லே நல்ல சொல், ஆனால் 'ஊடக விசாரணை' என்றால் தீர்ப்புக்கு முன்னாலேயே டிவிக்காரர்கள் தீர்ப்பு எழுதுவது என்று அர்த்தமாகிவிட்டது. போலீஸ் வாடை வேறு. அதனால் கேட்டு விசாரி என்று அதே பொருள் தரும் பழைய தமிழ்ச் சொல்லான உசாவு. இலங்கை நூலகங்களில் 'உசாத்துணைப் பகுதி' (ரெஃபரன்ஸ் பகுதி) உண்டு, தமிழ் விக்கிப்பீடியாவிலும் உசாத்துணை புழங்குகிறது, ஆகவே செத்த சொல் இல்லை. வினையாகவும் வரும்: உசாவினாயா, உசாவாமல் பகிராதே. எழுத்தறிவை வைத்து இப்படி ஒரு வினை பண்ண முடியுமா?

திறமைக்கு 'ஊடக உசாவறிவு', வகுப்பில் செய்கிற வேலைக்கு வெறும் 'உசாவல்' என்று வைக்கலாமா? முதலாவது நாக்கில் இடறுகிறது, ஒத்துக்கொள்கிறேன், அதற்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் 'உசாவல்' என்று எழுதப் போகிறேன், பயல்கள் என்ன கிண்டல் பண்ணுகிறார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.