பாவசங்கீர்த்தனத்தில் தெரியவந்த சிறார் வன்கொடுமை: குருவானவர் போலீசில் சொல்லியாக வேண்டுமா?

கேள்வி (கேட்பவர்: தேடல்; பதில் சொல்பவர்கள்: சட்டப்பிரிவு, மறைநூல்):
சிறுமியிடம் தப்பாக நடந்ததை ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் (கத்தோலிக்கர் குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் சடங்கு) ஒத்துக்கொள்கிறார். குருவானவர் மறைத்தால் சட்டப்படி குற்றம், சொன்னால் திருச்சபைத் தண்டனை. எது மேல்? "முதலில் சரணடை, அப்புறம்தான் மன்னிப்பு" என்று சொல்லலாமா?

சட்டப்பிரிவு:
பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற திருச்சபைச் சட்டம் 983 எந்த விலக்கும் தரவில்லை. இரகசியத்தை நேரடியாக உடைத்தால், 1386இன்படி விசாரணையே இல்லாமல் விலக்கம் (திருச்சபை உறவிலிருந்து நீக்கும் தண்டனை) தானாக வந்துவிடும். அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டுமே.

நாட்டுச் சட்டம் ஊருக்கு ஊர் வேறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2020 முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு விலக்கு இல்லை. 3 ஆண்டு வரை சிறை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2025இல் இதையே செய்யப்போய், குருக்கள் விஷயத்தில் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. இந்தியாவில் போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பிரிவு 19, தெரிந்த 'எவரும்' தகவல் தர வேண்டும் என்கிறது. குருக்களுக்கு விலக்கு இல்லை; தகவல் தராவிட்டால் பிரிவு 21இல் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேறு சட்டத்தோடு முரண்பட்டால் போக்சோவே மேல் என்று அதன் பிரிவு 42அ சொல்கிறது.

மறைநூல்:
சரணடைவதை நிபந்தனையாக்க முடியாது. பாவமன்னிப்பு விவகாரங்களுக்கான வத்திக்கான் நீதிமன்றமே 2019இல் ஒரு குறிப்பில் அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் உண்மையான மனமாற்றம் இல்லையென்றால், அதாவது "இனியும் அப்படித்தான்" என்ற தோரணை தெரிந்தால், மன்னிப்பை மறுக்கலாம். சரணடையச் சொல்லி வற்புறுத்தவும் தடையில்லை.

இரகசியம் என்ற போர்வையைத்தான் பலர் கண்டபடி விரிக்கிறார்கள். அலுவலக அறையில் ஆலோசனை கேட்டது, மின்னஞ்சலில் கொட்டியது, ஆயரிடம் போன புகார் எதுவும் அருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) அல்ல. அவற்றுக்கு 983இல் இடமில்லை.

தேடல்:
சொல்வது பாதிக்கப்பட்ட குழந்தையாக இருந்தால்?

மறைநூல்:
அப்போதும் இரகசியம் உண்டு. "இது உன் பாவமே இல்லை" என்று முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகார் கொடுக்கும் உரிமையையும் வழியையும் விளக்குவது குருவானவரின் கடமை என்று அதே 2019 குறிப்பு சொல்கிறது. "வெளியே வந்து இதை இன்னொரு முறை சொல்வாயா?" என்று கேட்கலாம். குழந்தை அங்கே சொல்வதற்குப் பாவசங்கீர்த்தன இரகசியம் பொருந்தாது.

சட்டப்பிரிவு:
கெடுவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான். துருவிக் கேட்காதீர்கள், "அவர்தானே செய்தார்?" போன்ற கேள்வி சாட்சியத்தையே பாழாக்கும். குழந்தையின் சொற்களை அப்படியே, நாள் நேரத்தோடு எழுதிவையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்கவே கூடாது. ஆயருக்குத் தெரிவித்துவிட்டு உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் போக்சோ 19 நிறைவேறியதாகாது, தகவல் போலீசுக்குப் போக வேண்டும். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராமல் 19(7) காக்கிறது.