தொகையைத் தொடாமலே பேரம் பேசிய அக்கா

பிரசவ விடுப்பு முடிய மூன்று வாரம் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வந்தார். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்றேன். "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். தினம் பத்து மணி நேர வேலை என்று சொல்லி, தொகையை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னேன். அவர் ஏற்றிக் கேட்டால் நடுவில் எங்காவது முடித்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

அவர் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை. "காலையில எப்போ கிளம்புவீங்க? சாயந்திரம் வீடு வந்து சேர எத்தனை மணி ஆகும்?" 8 மணிக்குக் கிளம்பி 7 மணிக்குத் திரும்புவேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்போ 11 மணி நேரம். நீங்க பத்துன்னீங்களே?" என் ஆபீஸ் 6 மணிக்கு முடிகிறது என்பதால் அவர் வேலையையும் அதோடு முடித்து வைத்திருந்தேன்! தினம் ஒரு மணி நேரம் என்றால் மாதத்தில் 20 மணி நேரத்துக்கு மேல். இரண்டு நாள் உழைப்பை ஓசியில் கேட்டிருக்கிறேன்.

என் கணவர் சும்மா இல்லாமல், "குழந்தை தூங்குற நேரம் ஓய்வுதானே?" என்றார். "அந்த நேரத்துல நான் வெளியே போயிட்டு வரலாமா தம்பி?" என்றார் அக்கா. அதோடு என் கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வீட்டு வேலை செய்பவர்களுக்காகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்ற 189-ஆம் உடன்படிக்கையும் ஏறக்குறைய அக்கா கேட்டதைத்தான் சொல்கிறது என்று பிறகு படித்தேன். தன் விருப்பப்படி செலவிட முடியாமல், கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கும் நேரமும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரம்தான். வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வும் உண்டு. ஒப்புக்கொண்ட நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும், அது வேறு விஷயம்.

அதிகம் இழுத்தது விடுமுறைதான். நாங்கள் வெளியூர் போகும் நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்றேன். "அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் எனக்கு யார் வேலை கொடுப்பாங்க?" இரண்டு நாள் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன். எங்களால் ரத்தாகும் நாளுக்கு முழுச் சம்பளம், 7 மணி தாண்டினால் தனிக் கணக்கு, துவைப்பது குழந்தையின் துணி மட்டும். எல்லாம் கூட்டினால் நான் முதலில் சொன்ன தொகையைப் போல ஒன்றரை மடங்கு. முதல் மாதம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

*

என் அம்மா இதே வேலை பார்த்தவர். அவரிடம் யாரும் இப்படி மணிக்கணக்கு பேசியதில்லை. "நீங்க எங்க வீட்டு மனுஷி" என்பார்கள். ஒரு குழந்தைக்குப் பேசிய சம்பளத்திலேயே இரண்டாவது குழந்தையும் வளர்ந்தது. கூட்டிக் கேளுங்கம்மா என்று நான் சொன்னால், "வீட்டு மனுஷின்னு சொல்றவங்ககிட்ட எப்படிடா கேக்குறது?" என்பார்.