கார்டெல்லுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

பாளையங்கோட்டையிலிருந்து:
வெள்ளிக்கிழமை பி.காம். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு 2002 போட்டிச் சட்டம் நடத்த வேண்டும். எதிரெதிர்க் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி விலை வைப்பது, உற்பத்தியைக் குறைப்பது, சந்தையைப் பங்கு போடுவது இதற்கெல்லாம் சேரும் கூட்டான 'கார்டெல்'லுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேவை. 'கூட்டமைப்பு' என்றேன். "அப்ப பால் சொசைட்டியும் தப்பா சார்?" என்றான் ஒரு பையன். சரியான கேள்வி.

அம்பாசமுத்திரம்:
அண்ணாச்சி, குளத்து மீன்பாசி ஏலத்தில் நாலு பேர் பேசிவைத்து ஒருத்தரை மட்டும் கேட்கவிட்டால் 'சிண்டிகேட் போட்டுட்டான்' என்கிறோம். அதையே எழுதுங்கள்.

தென்காசி:
பல்கலைக்கழகத்திலும் சிண்டிகேட் உண்டே! வணிகர் குழுவுக்குச் 'சாத்து' இருக்கிறது. கோவலன் தந்தை மாசாத்துவான் பெயரில் நிற்கிறது. வடமொழி 'சார்த்த'விலிருந்து வந்தது என்பார்கள். நான் ஏற்கவில்லை. சார்ந்து செல்வோர் சாத்து; வேர் 'சார்'. நம் சாஸ்தாவும் சாத்தனே, வழித்துணைத் தெய்வம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகாத குடும்பம் இந்தச் சீமையில் உண்டா?

பாளையங்கோட்டை:
ஐயா, வழிப்பறிக்கு அஞ்சிச் சேர்ந்து போனவர்களின் பெயரை, வாங்குபவனை மறிப்பவர்களுக்கு வைக்க மனம் வரவில்லை.

வள்ளியூர்:
'கள்ளக்கூட்டு'. 2012-ல் போட்டி ஆணையம், பேசிவைத்து விலை வைத்ததாகச் சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வீடு கட்டுகிறவனிடம் கேளுங்கள், வேறு சொல் சொல்லமாட்டான்.

பாளையங்கோட்டை:
சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு எழுதலாமா? ஏற்றுமதிக்கென்று மட்டும் செய்யும் உடன்பாட்டுக்கு அச்சட்டமே விலக்கு அளிக்கிறது. திறன் கூட்டும் கூட்டு முயற்சிக்கும் இடம் தருகிறது. இன்னொன்றும் பாருங்கள். அமெரிக்காவில் ஆறு இரும்புக் குழாய்க் கம்பெனிகள் ஒப்பந்தப்புள்ளிகளைப் பேசிவைத்தே போட்டன. 1890 ஷெர்மன் சட்டப்படி அது செல்லாதென 1899-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கையொட்டி அவை ஒரே கம்பெனியாகிவிட்டன! ஆறாக இருந்து பேசினால் குற்றம், ஒன்றாகிவிட்டால் பேச்சே வேண்டாம். இணைப்பு வேறு, இது வேறு என்று சொல்லே காட்ட வேண்டும்.

நாங்குநேரி:
'வணிகக்கட்டு'? ஊரே கூடிப் போடுகிற ஊர்க்கட்டு மாதிரி. வீடு தனித்தனி, கட்டு ஒன்று. கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்து ஆணையத்திடம் முதலில் உண்மை சொல்கிற கம்பெனிக்கு அபராதம் குறையும் அல்லவா, அதைக் 'கட்டை உடைத்தல்' எனலாம்.

வள்ளியூர்:
கள்ளம் போய்விட்டதே என்று வருத்தம்தான். இருந்தாலும் சரி.

பாளையங்கோட்டை:
எனக்குப் பிடித்திருக்கிறது. கரும்பலகையில் 'வணிகக்கட்டு' எழுதி, பக்கத்தில் கார்டெல் என்றும் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம்:
எழுதுங்கள். ஏலக்காரரிடம் போய் வணிகக்கட்டு என்றால் எந்தக் கட்டு என்பார். நான் சிண்டிகேட்தான்.

தென்காசி:
ஊர்க்கட்டு என்பது விலக்கிவைக்கிற கட்டு ஐயா. சாத்தை இவ்வளவு எளிதாக விட்டுவிடக் கூடாது. 'சார்' வேரை நாளை விரிவாக எழுதுகிறேன்.