பெரியப்பச்சி கோபமும் ஒரு கணக்குப்பெட்டியும்

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பாவின் அண்ணன். கொதித்துக்கொண்டிருந்த அந்த மனுஷரிடம் "கொஞ்சம் அமைதியாப் பேசுங்க பெரியப்பச்சி" என்றேன். அவ்வளவுதான், முற்றத்தைச் சுற்றிய வளவே அதிர்ந்தது.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க, அதாவது மாவில் வைத்து ஏற்றிய திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள, எல்லாப் புள்ளியும் (பங்காளிக் குடும்பங்கள்) ஊருக்கு வந்திருந்தோம். எங்கள் பொது வீட்டின் ஓடு ஒழுகித் தாழ்வாரத்தில் இரண்டு அண்டா வைத்திருந்தது. இனி யார் செலவு பண்ணுவது, விற்றுவிடலாம் என்று சென்னையிலிருந்து வந்த அண்ணன் ஆரம்பிக்க, பெரியப்பச்சி எழுந்துவிட்டார். எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட்டால்தானே விற்க முடியும், "நான் போடமாட்டேன், ஆனதைப் பாருங்க" என்று ஒரே சத்தம். என்னையும் விடவில்லை: "நீயெல்லாம் நேத்துப் பொறந்தவன்."

எனக்கும் சுருக்கென்றது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று இரண்டாம் கட்டுக்கு நழுவினேன், மரியாதைக்கு இல்லை, எனக்குத்தான் மூச்சு வாங்க நேரம் வேண்டியிருந்தது. செம்போடு திரும்பி வந்து அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தேன். நின்றுகொண்டு பேசியவரை மேலே நிமிர்ந்து பார்த்தபடி, "எங்களைக் கேக்காமச் செய்றாங்கன்னு சொன்னீங்களே, எதைப் பெரியப்பச்சி?" என்று மட்டும் கேட்டேன். அதை அவர் நடுவில் இரண்டு தரம் சொல்லியிருந்தார், நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டம். அப்புறம் அவரே உட்கார்ந்தார்.

போன வருஷம் அவர் அறையைத் திறந்து பழைய சாமான்களை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் ஐயாவின், அதாவது என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின், கணக்குப்பெட்டியும் போயிருக்கிறது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஐயா 1942ல் நடந்தே ஊர் திரும்பியவர். வசூலாகாத கடன் பத்திரங்களை அந்தப் பெட்டியில்தான் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாராம். சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பாராம். "சாவி எங்கிட்ட இருக்குடா, பூட்டை உடைச்சிருக்காங்க" என்று மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

சென்னை அண்ணன் முகம் தொங்கிவிட்டது. வீட்டுப் பேச்சு அன்றைக்கு அதோடு நின்றது, இன்னும் முடிவாகவில்லை.

மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடை கடையாக ஏறினேன். கணக்குப்பெட்டிக்குக் குறைவில்லை, அந்தச் சாவி எதற்கும் சேரவில்லை. ராத்திரி போனில் சொன்னேன். "சரி விடு" என்றவர், அப்புறம் முக்கால் மணி நேரம் ஐயாவைப் பற்றியே பேசினார்.